ஃபேர்போர்ட் கன்வென்ஷன் ஆல்பங்கள்: சேர்க்கும் முறை, தரவரிசை போடும் முறை

பிடித்த இசைக்குழுவின் ஆல்பங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவது அரை மணி நேர வேலை போலத் தோன்றும். குழு ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்றால் அப்படி முடியாது. 1967ல் லண்டனில் தொடங்கிய குழு இது. 1968 முதல் 2020 வரை முப்பதை ஒட்டி ஸ்டுடியோ ஆல்பங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பாடகர்கள் மாறினார்கள், கிதார் மாறியது, சில காலம் ஆரம்பகால உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமலேயே குழு ஓடியது. ஆங்கிலேய நாட்டுப்புறப் பாடல்களை மின்கிதாரோடும் டிரம்ஸோடும் சேர்த்துத் தனிப் பாணியாக்கியவர்கள் என்பதால், ஃபோக் ராக் சேகரிப்பை இவர்களிடமிருந்து தொடங்குகிறவர்கள் அதிகம். கீழே சொல்லும் முறை வேறு குழுக்களுக்கும் பொருந்தும். உதாரணங்களும் சிக்கல்களும் இவர்களுடையவை.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சேகரிப்பாளர் கண்ணுக்கு ஓர் இசைத்தட்டின் மதிப்பு ஒன்று, கேட்பவர் காதுக்கு அதன் மதிப்பு வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால், அரிதாகக் கிடைத்த பிரதி, தேடி அலைந்த பிரதி, அதிக விலை கொடுத்த பிரதி எல்லாம் தானாக மேலே ஏறிவிடும். ஆகவே நோட்டும் இரண்டாக இருக்கட்டும்: கையில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒன்று, எது எவ்வளவு நல்லது என்பதற்கு ஒன்று.

எதை எண்ணுவது

முதலில் ஸ்டுடியோ ஆல்பங்களை மட்டும் வெளியான ஆண்டோடு எழுதுங்கள். தொடங்குகிறவருக்கு 1968 முதல் 1978 வரையிலான பதின்மூன்று போதும்: 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' (1968), 'வாட் வி டிட் ஆன் அவர் ஹாலிடேஸ்', 'அன்ஹாஃப்பிரிக்கிங்', 'லீஜ் அண்ட் லீஃப்' (மூன்றும் 1969), 'ஃபுல் ஹவுஸ்' (1970), 'ஏஞ்சல் டிலைட்', 'பாபகூம் லீ' (இரண்டும் 1971), 'ரோஸி', 'நைன்' (இரண்டும் 1973), 'ரைசிங் ஃபார் த மூன்' (1975), 'காட்டில் ஓ கியர்' (1976), 'த பானி பஞ்ச் ஆஃப் ரோஸஸ்' (1977), 'டிப்ளர்ஸ் டேல்ஸ்' (1978). அடுத்த ஆண்டு, 1979ல், குழு விடைபெற்றது. 1985ல் 'கிளாடிஸ் லீப்' ஆல்பத்தோடு, சொந்த லேபிளான (இசை வெளியீட்டு நிறுவனமான) உட்வோர்மில் திரும்பி வந்தது. அங்கிருந்து வருகிறவற்றை இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நேரடிக் கச்சேரிப் பதிவுகள், பிபிசி வானொலிக்காகப் பதிவு செய்தவை ('ஹேடே' அப்படித் தொகுக்கப்பட்டது), தொகுப்புகள் ஆகியவற்றுக்குத் தனிப்பக்கம் ஒதுக்குங்கள். ஸ்டுடியோ ஆல்பத்தையும் கச்சேரி ஆல்பத்தையும் ஒரே அளவுகோலால் அளந்தால் இரண்டுக்கும் நியாயம் கிடைக்காது. கச்சேரித் தட்டில் ஏற்கெனவே நிரூபணமான பாட்டுகள்தான் இருக்கும்; சுமாரான பாட்டு அங்கே வரவே வராது. தொகுப்புகளில் 1972ல் வந்த 'த ஹிஸ்டரி ஆஃப் ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' மட்டும் வேறு காரணத்துக்காகக் கையில் இருக்கலாம். பீட் ஃப்ரேம் வரைந்த குழுவின் வம்சவரைபடம் அதில் இருக்கிறது. யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்ற குழப்பத்தை அது ஒரே பார்வையில் தீர்க்கும்.

பெயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்டனில் 'வாட் வி டிட் ஆன் அவர் ஹாலிடேஸ்' என்று வந்ததை அமெரிக்காவில் ஏ அண்ட் எம் லேபிள் 1969ல் வேறு அட்டையோடு வெறும் 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' என்று வெளியிட்டது. குழுவின் உண்மையான முதல் ஆல்பத்தின் பெயரும் அதுவே. அதை 1970ல் கோட்டில்லியன் லேபிள் அங்கே கொண்டுவந்தது. ஆக, அமெரிக்கப் பதிப்புகளில் ஒரே பெயரில் இரண்டு வேறு ஆல்பங்கள் உண்டு. பாடகி யார் என்று பாருங்கள்: ஜூடி டைபிள் என்றால் 1968, சாண்டி டென்னி என்றால் 1969. அதேபோல 1974ன் கச்சேரி ஆல்பம் பிரிட்டனில் 'ஃபேர்போர்ட் லைவ் கன்வென்ஷன்', அமெரிக்காவில் 'எ மூவபிள் ஃபீஸ்ட்'. இரண்டு பெயரையும் பார்த்து இரண்டு ஆல்பம் என்று நினைத்து இரண்டையும் வாங்கியவர்கள் உண்டு.

'அன்ஹாஃப்பிரிக்கிங்' இன்னொரு வகை. பிரிட்டிஷ் அட்டையின் முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. விம்பிள்டனில் தன் வீட்டு வாசலில் நிற்கும் வயதான தம்பதி சாண்டி டென்னியின் பெற்றோர். வேலிக்கு அப்பால் புல்வெளியில் குழுவினர் தெரிவார்கள். அமெரிக்க அட்டையில் சர்க்கஸ் யானைகள். உள்ளே இருப்பது அதே ஆல்பம்தான்.

'காட்டில் ஓ கியர்' வயலின்காரர் டேவ் ஸ்வார்பிரிக்கின் தனி ஆல்பமாகத் தொடங்கியது. அட்டையில் குழுவின் பெயர் 'ஃபேர்போர்ட்' என்று மட்டும் இருக்கும். இதைப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி இடத்துக்கும் ஓர் ஆல்பம் வேண்டுமே.

எந்த வரிசையில் வாங்குவது

வெளியான வரிசையில் வாங்காதீர்கள். முதல் ஆல்பம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது அமெரிக்க மேற்குக் கரையின் அன்றைய பாணியில் போட்டது. இந்தக் குழுவைத் தேடி வருகிறவர் எதிர்பார்க்கும் நாட்டுப்புறக் கதைப்பாடல் அதில் கிடையாது. அதிலிருந்து தொடங்கி, 'இவ்வளவுதானா' என்று ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு.

'லீஜ் அண்ட் லீஃப்' முதலில். அடுத்து ஒரு படி பின்னால் போய் 'அன்ஹாஃப்பிரிக்கிங்', பிறகு ஒரு படி முன்னால் வந்து 'ஃபுல் ஹவுஸ்'. இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டாலே குழுவுக்குள் நடந்தது புரியும். 'அன்ஹாஃப்பிரிக்கிங்'கில் பாப் டிலனின் மூன்று பாட்டுகளும் பழம்பாடல் ஒன்றும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஆல்பம் கடைக்கு வரும் முன்பே, 1969 மே 12 அன்று, குழுவின் வேன் விபத்துக்குள்ளாகி டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்தார். அதன் பிறகு மீண்டும் கூடியவர்கள் அதுவரை வாசித்து வந்த பாடல்களை விட்டு நாட்டுப்புறப் பழம்பாடல் பக்கம் திரும்பினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வந்ததுதான் 'லீஜ் அண்ட் லீஃப்'. அது கடைக்கு வரும் முன்பே சாண்டி டென்னியும் பாஸ் கிதார்காரர் ஆஷ்லி ஹட்சிங்ஸும் விலகிவிட்டார்கள். தனிப் பாடகி இல்லாமல் ஆண்குரல்களை வைத்துப் போட்டது 'ஃபுல் ஹவுஸ்'.

நான்காவதாக 'ஹாலிடேஸ்', ஐந்தாவதாக 'ஏஞ்சல் டிலைட்'. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இவர்கள் ஏறிய உச்சம் இந்த ஐந்தாவது: எட்டாம் இடம். கிதார்காரர் ரிச்சர்ட் தாம்ப்சன் அதற்குள் விலகிவிட்டார் என்பதைக் கேட்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். ஆறாவது 'ரைசிங் ஃபார் த மூன்', சாண்டி டென்னி திரும்பி வந்து போட்டது. இந்த ஆறும் பிடித்தால் மீதியை வாங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் 'ரோஸி', 'நைன்' ஆகியவற்றால் உங்கள் மனம் மாறப்போவதில்லை.

பழைய எல்பி வாங்கும்போது

அரிதான முதல் அச்சு வேண்டுமா, நல்ல ஒலி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு கடைக்குள் நுழையுங்கள். முதல் அச்சு என்றால் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும். 1969, 1970ல் ஐலண்ட் நிறுவனம் வெளியிட்ட நான்கு ஆல்பங்களின் முதல் பிரிட்டிஷ் அச்சுகளில் லேபிள் முழுக்க இளஞ்சிவப்பு. 1970க்குப் பிறகு நடுவில் பனைமரப் படமும் ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பு வளையமும் கொண்ட லேபிள் வந்தது. எனவே 'லீஜ் அண்ட் லீஃப்' தட்டில் பனைமரம் தெரிந்தால் அது பின்னாளைய அச்சு. 'ஏஞ்சல் டிலைட்'டில் தெரிந்தால் அது முறையான இடம்தான். பட்டியல் எண்ணையும் ஒத்துப் பாருங்கள்: 'ஹாலிடேஸ்' ஐஎல்பிஎஸ் 9092, 'அன்ஹாஃப்பிரிக்கிங்' 9102, 'லீஜ் அண்ட் லீஃப்' 9115, 'ஃபுல் ஹவுஸ்' 9130. மறு அச்சுகளிலும் இதே எண் தொடர்ந்ததால் எண்ணை மட்டும் நம்பி விலை கொடுக்கக்கூடாது.

லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையில் பாட்டில்லாத வழவழப்பான வளையம் இருக்கிறதே, அதில் கீறி எழுதிய எண்ணையும் எழுத்தையும் டார்ச் அடித்துப் படியுங்கள். பட்டியல் எண்ணைத் தொடர்ந்து பக்கத்தைக் குறிக்கும் எழுத்தும் வெட்டின் (அச்சடிக்கும் அச்சுக்காகப் பள்ளம் வெட்டிய முறையின்) எண்ணும் இருக்கும். எந்த மூலவெட்டிலிருந்து இந்தத் தட்டு அச்சானது என்பதை அது சொல்லும். எண் சிறியது என்பதாலேயே ஒலி உயர்ந்தது என்று பொருளில்லை. முந்தைய வெட்டு என்று மட்டுமே பொருள். 'ஃபுல் ஹவுஸ்' தேடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம்: 'புவர் வில் அண்ட் த ஜாலி ஹேங்மேன்' என்ற பாட்டைக் கடைசி நேரத்தில் தாம்ப்சன் எடுக்கச் சொன்னதால் எல்பியில் ஏழே பாட்டு.

தட்டின் நிலையைக் குறிக்கும் எழுத்துகளில் பிரிட்டிஷ் வழக்கும் அமெரிக்க வழக்கும் ஒன்றல்ல. பிரிட்டனில் 'எக்ஸலண்ட்' என்பது புதிதுக்கு அடுத்த படி. அமெரிக்க வழக்கில் அந்த இடத்தில் 'நியர் மிண்ட்' இருக்கும். அதற்குக் கீழே 'வெரி குட் பிளஸ்', அப்புறம்தான் 'வெரி குட்'. வெறும் 'குட்' என்று எழுதியிருந்தால் இரண்டு வழக்கிலும் அது நல்லதல்ல; இரைச்சலோடு ஓடும் தட்டு. விற்பவர் எந்த அளவுகோலில் சொல்கிறார், கண்ணால் பார்த்துச் சொல்கிறாரா ஓட்டிக் கேட்டுச் சொல்கிறாரா என்று இரண்டையும் கேளுங்கள்.

நேரில் பார்க்கும்போது தட்டை ஒரே விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். மேலோட்டமான முடிக்கீறல்கள் பெரும்பாலும் காதுக்கு எட்டாது. விரல் நுனிக்குத் தட்டுப்படும் கீறல் கட்டாயம் கேட்கும். ஓட்டினால் 'டிக்' என்ற சத்தம் 1.8 நொடிக்கு ஒருமுறை வரும், ஏனென்றால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது சுற்றுக்கு 1.8 நொடி. அந்த இடைவெளியோடு ஒத்து வந்தால் குறை கீறலில். ஒழுங்கில்லாமல் பொரிந்தால் பெரும்பாலும் தூசி, கழுவினால் போய்விடலாம். நடுத்துளையைச் சுற்றி லேபிள் மீது சாம்பல்நிறக் கோடுகள் நிறைய இருந்தால், பலமுறை ஓடிய தட்டு என்று அர்த்தம்.

எவ்வளவு கழுவினாலும் போகாத குறை, முள் ஓடும் பள்ளத்தின் தேய்மானம். கனமான முள்ளால் ஆண்டுக்கணக்கில் ஓட்டிய தட்டில் பள்ளத்தின் சுவரே சிதைந்திருக்கும். உரத்த குரல் வரும் இடத்தில் கரகரப்பு கூடும். தட்டின் உட்பகுதிக்குப் போகப் போக அது மோசமாகும், ஏனென்றால் அங்கே ஒரு சுற்றின் நீளம் குறைவு. அதே ஒலியைக் குறைந்த இடத்தில் நெருக்கி வெட்டியிருப்பார்கள். ஆகவே சோதிக்க வேண்டிய இடம் பக்கத்தின் கடைசிப் பாட்டு, முதல் பாட்டு அல்ல. 'அன்ஹாஃப்பிரிக்கிங்' இதற்குத் தோதானது: முதல் பக்கத்தின் முடிவில் வருவது 'எ செய்லர்ஸ் லைஃப்', பதினோரு நிமிடப் பாட்டு. மெதுவாகத் தொடங்கி வயலினும் கிதாரும் மோதிக்கொள்ளும் உச்சத்துக்குப் போவதும் லேபிளை நெருங்கும் வேளையில்தான். கடையில் ஓட்டிக் காட்டுவார்கள் என்றால் அந்தக் கடைசி மூன்று நிமிடத்தை ஓட்டச் சொல்லுங்கள். ஸ்வார்பிரிக்கின் வயலின் தெளிவாகத் தனித்து நின்றால் வாங்கலாம். வயலினும் சிம்பலும் ஒன்றாகக் குழைந்து இரைந்தால் அட்டை எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிடுங்கள்.

கழுவுதல், வைத்தல்

முதலில் கார்பன் இழைத் தூரிகையால், தட்டு சுற்றும்போது இரண்டு மூன்று சுற்று. அதற்கும் அடங்காத அழுக்குக்கு வடிநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) வாசனையோ நிறமோ இல்லாத சோப்புத்திரவம் சில துளிகள் மட்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்ப்பதானால் கலவையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளுக்கு அது கூடவே கூடாது, அவற்றின் ஷெல்லாக் அரக்கு கரைந்துவிடும். துணியைப் பள்ளம் ஓடும் திசையிலேயே நகர்த்துங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு சுவரோடு ஒட்டும். லேபிள் நனையக்கூடாது. கடைசியாகக் கலப்பில்லாத வடிநீரால் ஒருமுறை துடைத்து, நிமிர்த்தி வைத்து முழுக்க உலர விடுங்கள். குழாய்நீரில் கழுவினால் காய்ந்த பிறகு உப்பு பள்ளத்தில் தங்கி, கழுவும் முன் இல்லாத பொரிச்சத்தம் புதிதாக வரும். கழுவியது வீண் என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

உள்ளுறையாகப் பழைய வெறுங்காகித உறையை எடுத்துவிட்டு, உள்ளே பாலித்தீன் படலம் உள்ளதைப் போடுங்கள். மூல உறையை எறியாமல் அட்டைக்குள்ளேயே வையுங்கள், சேகரிப்பாளருக்கு அதுவும் கணக்கு. மிருதுவான பிவிசி வெளியுறை வேண்டாம். நாளாக நாளாக அதிலிருந்து கசியும் ரசாயனம் தட்டின் மேல் மங்கலான படலத்தை விடும், அது கழுவினாலும் போகாது. தட்டுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் வளையும், அடுக்கிப் படுக்க வைத்தால் அட்டையில் தட்டின் வட்டம் அச்சாகிவிடும். அலமாரியை உறுதியாகச் செய்யுங்கள்: நூறு எல்பி ஏறத்தாழ 25 கிலோ.

சிடியும் கோப்பும்

சிடியில் வந்த மறுபதிப்புகளின் இறுதியில் கூடுதல் பாட்டுகள் ஒட்டியிருக்கும். 'லீஜ் அண்ட் லீஃப்' எல்பியில் எட்டுப் பாட்டு; 2002 சிடியில் பத்து. 'ஃபுல் ஹவுஸ்' சிடியில் விடுபட்ட அந்த ஹேங்மேன் பாட்டு திரும்பி வந்திருக்கிறது. கேட்பதற்கு லாபம், தரவரிசைக்கு இடைஞ்சல். மூல ஆல்பம் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். கணினியில் ஆல்பத்தை இரண்டு கோப்புறையாகப் பிரித்து வைத்தால் இது எளிது: மூலவரிசை ஒன்றில், கூடுதல் பாட்டுகள் மற்றொன்றில். ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறவர்கள் மூலப் பாட்டுகளை மட்டும் தனிப் பட்டியலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிடியைக் கணினிக்கு ஏற்றும்போது ஃபிளாக் வடிவம் போதும். ஒலியில் எதுவும் இழக்காது, இடமும் மிச்சம். பிழை சரிபார்க்கும் முறையில் படியெடுங்கள், நேரம் பிடித்தாலும் ஒருமுறை செய்தால் போதும். எல்பியை டிஜிட்டலாக்கினால் 24 பிட்டில் பதிவு செய்து, உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபல் அருகில் நிற்கும்படி வையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் அந்த உச்சம் வெட்டுப்பட்டுவிட்டது. பின்னால் சரிசெய்ய வழியில்லை.

கையிருப்பு நோட்டில் ஆல்பம், எந்த நாட்டுப் பதிப்பு, லேபிள் வகை, வெட்டு எண், தட்டின் நிலை, அட்டையின் நிலை, எங்கே வாங்கியது, என்ன விலை ஆகியவை வேண்டும். தட்டுக்கும் அட்டைக்கும் நிலை தனித்தனியாக எழுதாவிட்டால், மேம்பட்ட பிரதி கிடைக்கும்போது எதை மாற்றுவது என்று தெரியாது.

நியாயமாகக் கேட்பது

தரவரிசையைக் கெடுப்பதில் முதலிடம் ஒலியளவு வித்தியாசத்துக்கு. ஒரே பாட்டின் இரண்டு பதிப்பில் ஒன்று சற்றே உரக்க இருந்தால் காது அதையே 'நல்ல ஒலி' என்று சொல்லும். புதிய மறுபதிப்புகள் பழையவற்றைவிட உரத்தே வருவது வழக்கம். அதனால் 'ரைசிங் ஃபார் த மூன்' புதிய பதிப்பிலும் 'ஹாலிடேஸ்' பழைய பதிப்பிலும் இருந்தால், உங்கள் பட்டியல் ஆல்பங்களைப் பற்றியதாக இருக்காது. கோப்புகளாகக் கேட்கிறவர்கள் பிளேயரில் ரீப்ளேகெய்னை (ஒலியளவைத் தானாகச் சமப்படுத்தும் வசதியை) ஆல்பம் முறையில் இயக்கிக்கொள்ளுங்கள். பாட்டு முறையில் போட்டால் மென்மையான பாட்டும் ஆரவாரமான பாட்டும் ஒரே அளவாகி ஆல்பத்தின் ஏற்றஇறக்கமே போய்விடும். எல்பியில் கேட்கிறவர்கள் ஒவ்வொரு தட்டிலும் முழுக்குழு வாசிக்கும் இடத்தை ஓட்டி, குமிழைத் திருகி, காதுக்குச் சமமாக வந்த இடத்தைத் தாளில் குறித்துவையுங்கள்.

ஒரே வகைப் பிரதியில் எல்லாவற்றையும் கேளுங்கள்: எல்லாம் எல்பி, அல்லது எல்லாம் சிடி. வரிசையைக் குலுக்கிப்போடுங்கள், ஆண்டு வரிசையில் கேட்டால் கதை சொல்லிக்கொண்டே போவீர்கள், 1971க்குப் பிறகு வருவதெல்லாம் சரிவு என்று முன்கூட்டியே காது முடிவு கட்டிவிடும். நாளுக்கு இரண்டு ஆல்பத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் வெவ்வேறு நாளில் மூன்று முறையாவது முழுதாகக் கேட்டு, முடிந்த கையோடு இரண்டு வரி எழுதுங்கள்: எங்கே கவனம் சிதறியது, எந்தப் பாட்டுக்காகக் காத்திருந்தீர்கள். மற்றவர்களின் பட்டியலை அதற்குமுன் பார்க்கவேண்டாம். 'லீஜ் அண்ட் லீஃப்' 2006ல் பிபிசி ரேடியோ 2 ஃபோக் விருதுகளில் மிகுந்த தாக்கம் செலுத்திய ஃபோக் ஆல்பமாகத் தேர்வானது. தாக்கம் வரலாற்றாசிரியரின் கேள்வி. இன்று இரவு எதை ஓட்டலாம் என்பதற்கு அது பதில் சொல்லாது.

வரிசைப்படுத்துவது

பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வழி பலருக்கு முதலில் தோன்றும். ஆல்பத்துக்கு நேரடியாகப் போட்டால் எல்லாம் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வந்து குவியும். பாட்டுக்குப் பாட்டு போட்டுச் சராசரி எடுத்தால் வேறு கோளாறு: நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான 'அன்ஹாஃப்பிரிக்கிங்'கில் 'எ செய்லர்ஸ் லைஃப்' மட்டுமே நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. எட்டுப் பாட்டில் ஒன்று என்று அதற்கு எட்டில் ஒரு பங்கு மதிப்புக் கொடுத்தால் கணக்கு தப்பு. மதிப்பெண்ணை நிமிடத்தால் பெருக்கி, மொத்த நிமிடத்தால் வகுத்தால் ஓரளவு சரியாகும். ஆனாலும் 'பாபகூம் லீ' போன்றது இதில் அடிபடும். 1885ல் மூன்று முறை தூக்குமேடை இயங்காமல் உயிர்பிழைத்த ஜான் லீயின் கதையை முழு ஆல்பமாகச் சொல்வது அது. துண்டு துண்டாகப் பார்த்தால் சுமார், ஓடவிட்டால் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே இரண்டிரண்டாக ஒப்பிடுவதே மேல். கேள்வியை ஒருமுறை முடிவு செய்து மாற்றாதீர்கள்: 'இப்போது முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை எதைக் கேட்பேன்?' ஒவ்வொரு ஜோடியையும் ஒப்பிட வேண்டியதில்லை. பதின்மூன்று ஆல்பத்துக்கு 78 ஜோடி வரும், பாதியிலேயே சலித்துவிடும். வரிசையில் இருப்பவற்றின் நடுவில் உள்ளதோடு புதியதை ஒப்பிடுங்கள். வென்றால் மேல்பாதியின் நடுவோடு, தோற்றால் கீழ்ப்பாதியின் நடுவோடு. இப்படி இடம் கண்டுபிடித்துச் செருகிக்கொண்டே போனால் அதிகபட்சம் 37 ஒப்பீட்டில் பதின்மூன்றும் வரிசையில் நின்றுவிடும்.

இந்தக் குழுவுக்கு இதிலும் ஒரு திருத்தம் வேண்டும். அப்படியே ஒப்பிட்டால் சாண்டி டென்னி பாடியவை, பாடாதவை என்ற இரண்டு கட்சியாகப் பட்டியல் பிளந்துவிடும். அது பாடகர்களின் வரிசையே தவிர ஆல்பங்களின் வரிசை அல்ல. எனவே 1968–70ன் ஐந்தைத் தனியாக, 1971–78ன் எட்டைத் தனியாக வரிசைப்படுத்துங்கள். அதே செருகும் முறையில் முதலாவதுக்கு 8 ஒப்பீடு, இரண்டாவதுக்கு 17. பிறகு இரண்டு வரிசையின் தலைகளை மட்டும் மோதவிட்டு, வென்றதை எடுத்து வைத்து, அடுத்த தலையை முன்னே கொண்டுவாருங்கள், அதிகபட்சம் 12. கூட்டிப் பார்த்தால் அதே 37தான், வேலை கூடவில்லை. லாபம் என்னவென்றால், 'நைன்' தன் காலத்து ஆல்பங்களுக்குள் எந்த இடம் என்று முதலில் தெரிந்துவிடுகிறது. 'ரோஸி', 'நைன்', 'ரைசிங் ஃபார் த மூன்' மூன்றிலும் 1967ல் தொடங்கிய உறுப்பினர் ஒருவரும் இல்லை. அவற்றைத் தமக்குள் ஒப்பிட்டால்தான் நியாயம் தெரியும்.

சில நேரம் வட்டமடிக்கும்: 'ஃபுல் ஹவுஸ்' 'ஹாலிடேஸை' வெல்லும், 'ஹாலிடேஸ்' 'அன்ஹாஃப்பிரிக்கிங்'கை வெல்லும், 'அன்ஹாஃப்பிரிக்கிங்' திரும்பி 'ஃபுல் ஹவுஸை' வெல்லும். கேள்வி உங்களை அறியாமல் மாறியிருக்கிறது என்பதற்கு இது அடையாளம். ஒரு ஜோடியில் பாட்டின் தரத்தையும் மற்றொன்றில் வாசிப்பையும் பார்த்திருப்பீர்கள். மூன்றையும் ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் சுற்றினால் மூன்றுக்கும் ஒரே இடம் கொடுத்துவிடுங்கள், குடிமுழுகிப் போகாது.

1985க்குப் பிந்தையவற்றையும் சேர்த்தால் முப்பது வரும். அதற்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. நான்கு கட்டாகப் பிரித்து, மேல் இரண்டு கட்டுகளை மட்டும் வரிசைப்படுத்துங்கள். 22ஆம் இடத்துக்கும் 23ஆம் இடத்துக்கும் வித்தியாசம் சொல்ல முயல்வது நேர விரயம்.

எங்கள் கணக்கில் 'அன்ஹாஃப்பிரிக்கிங்' முதலிடம், 'லீஜ் அண்ட் லீஃப்' இரண்டாம் இடம், 'ஃபுல் ஹவுஸ்' மூன்று, 'ஹாலிடேஸ்' நான்கு. 'லீஜ் அண்ட் லீஃப்'பில் 'டாம் லின்', 'மேட்டி குரோவ்ஸ்' இரண்டும் குழுவின் உச்சம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் தொடக்கப் பாட்டு குழுவை அறிமுகப்படுத்தும் அறிவிப்பாக மட்டுமே நிற்கிறது. 'அன்ஹாஃப்பிரிக்கிங்'கின் தொடக்கத்தில் 'ஜெனிசிஸ் ஹால்' இருக்கிறது. ஐந்தாம் இடத்தை 'ஏஞ்சல் டிலைட்'டும் 'ரைசிங் ஃபார் த மூன்'னும் பகிர்ந்துகொள்கின்றன. 1968 ஆல்பம் ஏழு. 'பாபகூம் லீ' எட்டு, கதையோடு கேட்டால் ஆறு.

பட்டியல் தயாரானதும் தேதியையும், எந்தப் பதிப்பை வைத்துக் கேட்டீர்கள் என்பதையும் அதன் மேலேயே எழுதிவிடுங்கள். ஓராண்டு கழித்துப் பழையதைப் பார்க்காமல் புதிதாகப் போட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரிடம் ஈரிடம் நகர்வது இயல்பு. நான்கு இடத்துக்கு மேல் நகர்ந்த ஆல்பம் இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரதியை: இடையில் தட்டைக் கழுவினீர்களா, முள் மாற்றினீர்களா, வேறு பதிப்பு வாங்கினீர்களா என்று கையிருப்பு நோட்டைத் திறந்து பாருங்கள்.